வடநெம்மேலி முதலைப் பண்ணை: பெருக்கியாச்சு, இனி என்ன?

வரப்போரம்:
கொஞ்சம் காட்டமாவே கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. கிழக்குக் கடற்கரைச் சாலை வடநெம்மேலியில 1976இல் முதலைப் பண்ணை ஆரம்பிச்சதே முதலை இனம் அழிஞ்சிடக் கூடாதுன்னு. சரி, அழியல. இப்ப தொட்டிக்குத் தொட்டி ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக் கிடக்குது. 2022இல் ஆயிரம் முதலைய குஜராத் ஜாம்நகருக்கு அனுப்புறதா செய்தி வந்துச்சு. ஆத்துல விடுறதுக்குத்தானே வளர்த்தாங்க? விடாம வெச்சுக்கிட்டு டிக்கெட் போட்டுக் காட்டுறதுக்குப் பேரு பாதுகாப்பா? முட்டை பொரிக்காம நிறுத்தக்கூடவா வழி இல்ல? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. "பாவம் வாயில்லா ஜீவன்" ரகப் பதில் வேண்டாம்.

கொக்குமேடு:
கேள்வி நியாயமானதுதான். வரிசை தெரிந்தால் பாதிக் கோபம் குறையும்.

1970களின் தொடக்கத்தில் இந்தியாவின் மூன்று முதலை இனங்களும் (சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, மீன் தின்னும் நீள்மூக்குக் கரியல்) தோல் வியாபாரத்தாலும் முட்டைத் திருட்டாலும் விளிம்புக்கு வந்திருந்தன. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975இல் மத்திய அரசின் முதலைத் திட்டம் தொடங்கியது. காட்டில் முட்டை எடுத்து, பொரித்து, ஒரு மீட்டருக்கு மேல் வளர்த்து ஆற்றில் விடுவது அதன் வழி. சிறு குஞ்சாக விட்டால் கொக்கு, உடும்பு, பெரிய மீன், பெரிய முதலை எல்லாமே தின்னும் என்பதால் அந்த ஒரு மீட்டர் கணக்கு. கிண்டிப் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் தொடங்கிய வடநெம்மேலிப் பண்ணையும் இந்த ஓட்டத்தில் வந்ததே. அங்கே பொரித்த சதுப்புநில முதலைகள் பல மாநிலங்களுக்குப் போயின.

1990களின் தொடக்கத்தில் விடுவிப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது. விடுவதற்கு ஏற்ற ஆறும் அணையும் நிரம்பிவிட்டன. மீதி இடங்களில் மனிதர்கள் குளிக்கிறார்கள், துவைக்கிறார்கள், மாடு கழுவுகிறார்கள். அந்தச் சட்டத்தின் அட்டவணை 1இல், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில், உள்ள விலங்கு என்பதால் தோலுக்காக வளர்த்து விற்கவும் சட்டத்தில் இடமில்லை. உள்ளே வரும் வழி திறந்திருக்க, வெளியே போகும் வழி மூடிக்கொண்டது. முதலையோ 50, 60 ஆண்டு வாழும் பிராணி. நீங்கள் பார்க்கும் நெரிசல் அந்த இடைவெளியில் சேர்ந்தது.

மணற்குழி:
முட்டை விஷயத்துக்கு நான் வருகிறேன். நிறுத்த வழி இருக்கிறது. அதுவே வருடாவருடம் பெரிய வேலை.

சதுப்புநில முதலை நம் பக்கம் பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் முட்டையிடும். கரைமணலில் பின்னங்காலால் ஓர் அடி, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, 25, 30 முட்டை இட்டு, மூடி, மேலே வயிற்றால் அழுத்தித் தேய்த்துவிட்டுப் போய்விடும். இரவில் நடப்பது. விடிந்ததும் பார்த்தால் மணல் ஓர் இடத்தில் மட்டும் ஈரமாகவும் கெட்டியாகவும் இருக்கும். கூடவே ஏமாற்றுக் குழிகளும் இருக்கும்: சோதனைக்குத் தோண்டி வேண்டாமென்று விட்டுப்போனவை. மெல்லிய கம்பியை மணலில் இறக்கிக்கொண்டே வந்தால் நிஜக்குழியில் மண் இளகிக் கொடுக்கும். அங்கிருந்து கையால்தான் தோண்ட வேண்டும். மண்வெட்டி பட்டால் மேலடுக்கு முட்டை போச்சு. ஒருவர் தோண்டும்போது இன்னொருவர் நீண்ட கழியோடு தண்ணீரைப் பார்த்து நிற்க வேண்டும். தாய் பத்தடி தள்ளித்தான் மூழ்கிக் கிடக்கும்.

இதில் பலருக்குத் தெரியாத சங்கதி, சிறைப்பட்ட சதுப்புநில முதலை ஒரே பருவத்தில் இரண்டு முறை முட்டையிடும். முதல் ஈட்டுக்கும் இரண்டாவதற்கும் இடையே சுமார் 40 நாள். இதை விரிவாகப் பதிவு செய்தது வடநெம்மேலியில்தான். 20 பெண் முதலை, ஆளுக்கு 2 ஈடு, ஈட்டுக்கு 25 முட்டை என்று வையுங்கள். ஒரு பருவத்துக்கு 1,000 முட்டை. ஒரே ஒரு குழியைத் தவறவிட்டால் வைகாசியில் 20 குஞ்சு "ங்கெக் ங்கெக்" என்று கத்திக்கொண்டு வரும். அந்தச் சத்தம் கேட்டால் தாய் ஓடிவந்து தோண்டி, வாயில் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோகும். தகப்பனும் அதே வேலையைச் செய்யும் என்று அங்கேயே பதிவாகியிருக்கிறது.

பொரிக்க வேண்டாமென்றால் இட்ட 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவது உத்தமம். கரு அப்போது மிகத் தொடக்க நிலையில் இருக்கும். வாரம் கழித்து எடுத்து அழிப்பது கருவைக் கொல்வது. செய்பவர் மனசும் கெடும்.

பொரிக்க வேண்டுமென்றால் முறை வேறு. முட்டை குழியில் எந்தப் பக்கம் மேலாக இருந்ததோ, அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு. ஸ்கெட்ச் பேனா கூடாது, மை ஓட்டுக்குள் இறங்கும். ஒரு நாளுக்குள் கரு மேல்பக்கச் சவ்வில் போய் ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு முட்டையைப் புரட்டினால் ஒட்டு கிழிந்து கரு செத்துவிடும். கோழி முட்டையைத் தினமும் திருப்பி வைத்துப் பழகினவர்கள் இங்கேதான் தப்பு செய்வார்கள். ஒட்டிய இடத்தில் பால்வெள்ளையாக ஒரு புள்ளி தோன்றி, நாளாக ஆக இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் மாதிரி விரியும். ஒட்டியாணம் வராத முட்டை கூமுட்டை.

அடுத்தது சூடு. 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை எல்லாம் பெண். 32.5இல் ஆண். 31.5, 32, 33இல் கலந்து வரும். அரை டிகிரி பிசகினால் மொத்தக் கூடும் மாறிப்போகும். பெட்டியில் ஒரே ஒரு வெப்பமானியை மேலே சொருகி நம்பக் கூடாது. நடு முட்டைக்கு அருகே ஒன்று, ஓரத்தில் ஒன்று வேண்டும். கடைசி நாட்களில் கருக்களே சூடு கக்கும், நடுவில் ஒரு டிகிரி கூடிவிடும்.

வரப்போரம்:
அண்ணே, இவ்வளவு பாடு எதுக்கு? ஆண் ஒரு தொட்டி, பெண் ஒரு தொட்டின்னு பிரிச்சுட்டா முடிஞ்சது.

மணற்குழி:
தம்பி, பிரிக்கத்தான் செய்கிறார்கள். பிரிக்க முதலில் எது ஆண் என்று தெரிய வேண்டும். வெளியே பார்த்தால் தெரியாது. கட்டிப்போட்டு மல்லாத்தி, கழிவுத்துவாரத்துக்குள் விரல் விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். வளர்ந்ததில் ஆண் என்றால் விரலுக்கே தெரியும். சின்னதில் சந்தேகம் வரும், தப்பும் நடக்கும். முந்நூறு முதலையில் ஐந்து தப்பினாலும் குழி தேடும் வேலை நிற்காது.

ஆண்களை மட்டும் ஒன்றாகப் போட்டால் மார்கழியிலிருந்து மாசி வரை சண்டை. ஒரே வயதில், ஒரே அளவில், சிறுவயதிலிருந்து சேர்ந்து வளர்ந்தவை என்றால் ஓரளவு தாங்கும். புதிதாக ஒன்றை நடுவில் விட்டால் விடிவதற்குள் கால் போயிருக்கும்.

ஊசிமருந்து:
தீனி பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லை, செலவு முழுக்க அங்கேதான். வளர்ந்த முதலைக்கு வாரம் ஒரு வேளை போதும். தலைக்கு 2 கிலோ என்று வைத்தாலும் ஆயிரம் தலைக்கு வாரம் 2 டன். வருமானத்தின் பெரும்பகுதி நுழைவுச்சீட்டு. 2020 ஊரடங்கில் சித்திரை, வைகாசிக் கூட்டம் அப்படியே போனபோது பண்ணை பொதுமக்களிடம் உதவி கேட்டது இதனால்தான். பார்க்க ஆள் வராவிட்டாலும் முதலைக்குப் பசிக்கும்.

"என்ன போட்டாலும் தின்னும்" என்பது வளர்ப்பவர்களைக் கெடுத்த வாக்கியம். மூன்று தப்பு அடிக்கடி நடக்கிறது.

எலும்பில்லாத கறியாகவே போடுவது முதலாவது. கறியில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து சொற்பம். குஞ்சுகளில் தாடை ரப்பர் மாதிரி வளையும், பல் கண்ணாடிபோல் மெலிந்து கோணலாக முளைக்கும், முதுகு கூன் விழும். முழு மீன், எலும்போடு கோழி என்று மாற்றினால் மேலும் கெடாமல் நிறுத்தலாம். வளைந்தது நிமிராது.

உறைய வைத்த மீனை மட்டும் மாதக்கணக்கில் போடுவது இன்னொன்று. சிலவகை மீனில் தயமினை (வைட்டமின் பி1) அழிக்கும் நொதி இருக்கிறது. உறைநிலையிலும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். கொழுப்பு மீன் நாள்பட்டால் காறிப்போய் வைட்டமின் ஈயைத் தின்றுவிடும். அதனால் ஒரு கிலோ மீனுக்குத் தயமின் 25 முதல் 30 மில்லிகிராம், வைட்டமின் ஈ 100 அலகு. மாத்திரையை மீனின் செவுளுக்குள் செருகிப் போடுங்கள். தொட்டித் தண்ணீரில் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள், பாசிக்குத்தான் லாபம். மீனையே தின்னும் கரியலுக்கு இது உயிர்நாடி.

மூன்றாவது, குளிரில் தீனி. முதலைக்குச் செரிமானம் வெயில்தான். உடம்புச் சூடு 30க்கு மேல் இருந்தால் செரிக்கும். 25க்குக் கீழே போனால் தின்றது வயிற்றிலேயே அழுகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நான்கு நாள் வெயில் இல்லையென்றால் தீனியை நிறுத்துங்கள். "பட்டினி போடுறாங்க" என்று பார்வையாளர் கத்தினால் கத்தட்டும். குளிர், அதிகத் தீனி, தண்ணீர்க் குறைவு மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் முடங்கி யூரிக் உப்பு மூட்டிலும் உள்ளுறுப்பிலும் படியும். பின்னங்கால் விறைத்து இழுத்துக்கொண்டு நடக்கும். 2007 டிசம்பர் தொடங்கிச் சம்பல் ஆற்றில் நூற்றுக்கு மேற்பட்ட கரியல்கள் செத்தபோது அறுத்துப் பார்த்ததில் கண்டது இதே படிவு. அங்கே நச்சு ஒன்று சிறுநீரகத்தைக் கெடுத்ததாகத்தான் சந்தேகித்தார்கள். ஆனால் குளிர்காலத்தில் சிறுநீரகம் எவ்வளவு எளிதில் கவிழும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

தீனியை ஒரே மூலையில் கொட்டக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரியது நாலு தின்னும், நோஞ்சான் வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும். ஐந்தாறு இடத்தில் ஒரே நேரத்தில் வீச வேண்டும்.

பல்லவன்குளம்:
ஆயிரம் முதலையை லாரியில் ஏற்றுவது எப்படி? மயக்க ஊசியா?

ஊசிமருந்து:
மயக்க ஊசி கூடாது. மயங்கியது நழுவித் தண்ணீருக்குள் போனால் மூழ்கிச் செத்துவிடும். மருந்து இறங்கவும் நேரமாகும்.

விடிகாலையில் பிடிக்க வேண்டும், உடம்பு குளிர்ந்திருக்கும்போது. ஒரு வாரமாவது தீனி நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் வழியில் கக்கி மூச்சடைக்கும். மேல்தாடையில் சுருக்குப் போட்டு இழுத்ததும் அது உருளும். கயிறும் கூடவே உருளும்படி தளர்த்திக் கொடுங்கள். எதிர்த்து இழுத்தால் தாடை முறியும். கரைக்கு வந்ததும் கண்மேல் ஈரச்சாக்கு. கண் மறைந்தால் பாதி அடங்கிவிடும். பிறகு வாய்க்கட்டு. முதலைக்குக் கடிக்கும் தசைதான் பலம், வாயைத் திறக்கும் தசை சோப்ளாங்கி. சைக்கிள் டியூபில் வெட்டிய பட்டை இரண்டு சுற்று போதும். மூக்குத் துவாரம் அடைபடக் கூடாது, அவ்வளவுதான்.

ஆள் பலத்தைவிட நேரம் முக்கியம். முதலை போராடும்போது மூச்சில்லாமல் தசையை ஓட்டும், ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும். பெரிய ஆண் முதலையை அரைமணி நேரம் போராட விட்டால் பெட்டிக்குள் அமைதியாகப் படுத்திருக்கும், மறுநாள் செத்திருக்கும். பத்து நிமிடத்தில் முடியவில்லையா, கயிற்றை அவிழ்த்துவிட்டு இன்னொரு நாள் வாருங்கள்.

பெட்டி உடம்பளவுக்குக் குறுகலாக, காற்றுத்துளையோடு. உள்ளே தண்ணீர் நிற்கக் கூடாது. வழியில் சாக்கை நனைத்தால் போதும்.

இந்தக் கயிறு விளையாட்டே வேண்டாமென்றுதான் பழக்கப்படுத்துகிறார்கள். கழி நுனியில் ஒரு நிறப்பந்து. மூக்கால் தொட்டால் ஒரு துண்டுக் கறி. தொட வரும் முதலையைப் பந்தைக் காட்டியே பெட்டிக்குள் நடத்தலாம், எடை மேடையில் ஏற்றலாம். கட்டை மாதிரி கிடக்கும் பிராணி கூப்பிட்டால் வருகிறது என்பதை மக்கள் பார்த்தால் கல்லெறிவதும் கொஞ்சம் குறைகிறது. வாயைத் திறந்து படுத்திருப்பது சூடு தணிக்க. அதைக் குறிபார்த்து நாணயம் வீசுபவர்களுக்கு இதைச் சொன்னால் தேவலை.

பானைவாய்:
முதலையோட நிறுத்திட்டீங்களே. அதே வளாகத்துல இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978லேர்ந்து நடக்குது. பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு 1976இல் தடை வந்ததும் இருளருக்குக் கையில இருந்த ஒரே தொழில் போச்சு. தோலுக்குப் பதில் விஷம் எடுத்து, பாம்பை உயிரோட திருப்பி விடுறதுன்னு வழி மாத்தினதுதான் இந்தச் சங்கம். வேலை உறுப்பினர்களோடது. 2023இல் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் பத்மஸ்ரீ வாங்கினாங்கல்ல, அவங்க இந்தச் சமூகம்.

எடுக்குறது நாலு வகை: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். எந்த வகையில எத்தனை பிடிக்கலாம்னு வனத்துறை அனுமதி கொடுக்கும். வந்த பாம்பை மண்பானையில விடுவாங்க. அடியில மணல், வாயை நூல்துணியால கட்டிடுவாங்க. பானை குளிர்ச்சி, துணியில காத்து வரும், பாம்பு இருட்டுல அடங்கிக் கிடக்கும். கண்ணாடித் தொட்டியில வெச்சா மூக்கை முட்டி முட்டிப் புண்ணாக்கிக்கும். வாரம் ஒருதரம்னு நாலு தரம் விஷம் எடுத்துட்டு, வயித்துச் செதில்ல ஒரு சின்ன வெட்டு அடையாளம் போட்டுக் காட்டுல விட்டுடுவாங்க. அந்தச் செதில் அடையாளம் இருக்குற பாம்பு சீக்கிரமே திரும்ப மாட்டினா எடுக்க மாட்டாங்க.

எடுத்த விஷத்தை உறைய வெச்சு, ஈரம் உறிஞ்சிப் பொடியாக்கணும். ஈரம் மிச்சமிருந்தா புரதம் கெட்டுடும், அப்புறம் குதிரைக்குப் போட்டு விஷமுறிவு மருந்து எடுத்தாலும் வீரியம் இருக்காது.

வரப்போரம்:
நாடு முழுக்க நம்ம செங்கல்பட்டுப் பாம்போட விஷத்துலதானே மருந்து செய்யுறாங்க? ராஜஸ்தான் பாம்புக்கு அது கேக்குமா?

பானைவாய்:
சரியான இடத்துல கை வெச்சிருக்கீங்க. பெருமளவு இங்கிருந்து போற விஷம்தான். ஒரே கண்ணாடி விரியனுக்கே ஊருக்கு ஊர் விஷக் கலவை மாறும். வடகிழக்கு ஒற்றைக்கண் நாகம், மேற்கு ராஜஸ்தான் சிந்து கட்டுவிரியன் இதெல்லாம் நாலு வகைப் பட்டியல்லயே இல்ல. அது சங்கத்தோட குத்தமில்ல, ஒரே இடத்து விஷத்தை நம்புற ஏற்பாட்டோட கோளாறு.

கணக்கும் பாருங்க. மருந்து 1 மில்லி, கண்ணாடி விரியன் விஷம் 0.6 மில்லிகிராமை முறிக்கும்னு அளவு. 10 மில்லி குப்பிக்கு 6 மில்லிகிராம். அந்தப் பாம்பு ஒரு கடியில சராசரியா இறக்குறது 63 மில்லிகிராம். 8லேர்ந்து 10 குப்பில ஆரம்பிக்கச் சொல்றது அதனாலதான். குழந்தைக்கும் அதே அளவு. பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைக்காது.

ஊசிமருந்து:
ஒன்று சேர்க்கிறேன். மருத்துவமனையில் விரியன் கடியா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனை: 2 மில்லி ரத்தம், புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில். 20 நிமிடம் அசைக்காமல் வைத்து ஒருமுறை சாய்த்துப் பார்ப்பது. உறையாமல் ஓடினால் மருந்து தொடங்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலோ சோப்பு போட்டுக் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தமும் உறையாது. அப்போது தேவையில்லாதவருக்கு மருந்து ஏறும், ஒவ்வாமை வரும். கட்டுவிரியன், நாகம் கடியில் இந்தச் சோதனை எதுவும் காட்டாது. இமை தொங்குகிறதா என்று பாருங்கள். தரையில் படுத்தவர் விடிகாலையில் வயிற்றுவலி, கண் திறக்க முடியவில்லை என்று வந்தால் கடிதடம் தேடி நேரம் போக்க வேண்டாம். கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட காலை ஆடாமல் பலகை வைத்துக் கட்டி வண்டி ஏற்றுங்கள். தமிழ்நாட்டில் 2024 முதல் பாம்புக்கடி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது, பதிவும் கேளுங்கள்.

நெறியாளர்:
பாம்புக்கடிக்குத் தனி இழை தொடங்கலாம். இங்கே முதலைக்குத் திரும்புவோம்.

வரப்போரம்:
சரி, பண்ணைய விட்டுடறேன். சிதம்பரம் பக்கம் கொள்ளிடக்கரை ஊர்கள்ல ஏற்கெனவே முதலை குளத்துக்கு வருது. பிடிச்சுத் தூரமா கொண்டுபோய் விட்டா?

கொக்குமேடு:
திரும்பி வரும். ஆஸ்திரேலியாவில் ஓர் உவர்நீர் முதலையைத் தீபகற்பத்தின் எதிர்ப்பக்கக் கடற்கரைக்குக் கொண்டுபோய் விட்டபோது 20 நாளில் 400 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி வந்த இடத்துக்கே சேர்ந்தது. சதுப்புநில முதலை அவ்வளவு தூரம் போகாது. ஆனால் தரையில் நடக்கும். விட்ட இடத்தில் உள்ளூர் முதலை விரட்டும். விரட்டப்பட்டது ஏதாவது ஊர்க்குளத்தில்தான் ஒதுங்கும். காலியான பழைய இடத்துக்கு வேறொன்று வந்துவிடும். உங்கள் முதல் கேள்விக்கும் விடை இங்கே இருக்கிறது: பண்ணை முதலையைக் கொண்டுவந்து விட்டால் கொள்ளிடத்தில் இன்னொரு சண்டைதான் கூடும்.

குஜராத்தின் சரோதர் பகுதியில் ஊர்க்குளத்திலேயே முதலையோடு வாழ்கிறார்கள். அங்கே துறை பிரித்து வைத்திருப்பதும், குளத்தில் கோழிக்கழிவு போடாததும், முட்டைக் காலத்தில் குழி இருக்கும் கரைப்பக்கம் போகாததும் பாதி காப்பு.

மணற்குழி:
படித்துறைக்கு வேலி போடுவதுதான் கைக்கடக்கமான வேலை. இரும்புக் குழாயைத் துறையைச் சுற்றி மூன்று பக்கமும் ஆறடிக்கு ஒன்றாக இறக்கி, கெட்டியான கம்பிவலை. கண் நான்கு விரற்கடைக்கு மேல் இருக்கக் கூடாது. தண்ணீருக்கு மேலே மூன்றடி நிற்க வேண்டும், வெள்ளக் கோட்டை வைத்து அளக்க வேண்டும், கோடைத் தண்ணீரை வைத்து அளந்தால் ஐப்பசியில் முதலை வேலிக்கு மேலேயே வரும். கரையில் வலை முடியும் இடத்தை மேடு வரை இழுத்துவிடுங்கள்; பெரும்பாலும் அந்த முனையைச் சுற்றித்தான் நுழையும்.

மூங்கில் போட்டால் இரண்டு வருடம் தாங்கும், தண்ணீர்மட்டத்தில் உளுத்துப்போகும்.

வரப்போரம்:
அடிப்பக்கம்? ஆத்துல மண் ஓடிக்கிட்டே இருக்குமே.

மணற்குழி:
வலையைத் தரையோடு நிறுத்தாதீர்கள். ஓரடி உள்ளே புதைத்து, ஆற்றுப்பக்கமாக இரண்டடி மடித்து, மடிப்பின்மேல் மணல்மூட்டை அடுக்குங்கள். சதுப்புநில முதலை வளை தோண்டுகிற ஜாதி, மடிப்பு இருந்தால் தோண்டுகிற இடத்திலேயே வலை தட்டும். ஒவ்வொரு வெள்ளமும் வடிந்ததும் ஒருவர் கழியால் வலையடியைக் குத்திக்கொண்டே வர வேண்டும். கழி சறுக்கென்று உள்ளே போகிற இடத்தில் மணல் அரித்திருக்கிறது. மூட்டை போடும்வரை அந்தத் துறையில் யாரையும் இறக்காதீர்கள். உள்ளே ஒன்று ஏற்கெனவே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வேலிக்குள் மாட்டிய முதலை வெளியே இருப்பதைவிட மோசம்.